சோம்பல் என்று தீர்ப்பிடுவோருக்கு

2023 நவம்பரில், பொதுக்காலத்தின் முப்பத்து மூன்றாம் ஞாயிறன்று தாலந்து உவமை நற்செய்தி வாசகமாக வந்தது. பல்லாண்டுகளாக மறையுரை ஆற்றிவரும் குருவுக்கு அது கைவந்த பொருள். நானும் அன்று தயாரிப்பு அதிகமின்றியே பீடத்தருகே நின்றேன். இத்தாலி நாட்டில் பிறந்த வீரமாமுனிவர் நம் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் பணியாற்றியவர், வேற்றுமொழியாகிய தமிழைக் கற்று 1726-இல் 3615 பாடல்களில் தேம்பாவணியை நிறைவு செய்தவர் என்று தொடங்கினேன். தமிழ் பேசும் வீட்டில் பிறந்த நம் பிள்ளைகளோ ஓர் ஆய்வேட்டை எழுதி முடிக்க ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தொடர்ந்தேன். தாலந்தைப் புதைத்த ஊழியனை அவன் தலைவன் கடிந்துகொண்ட சொல்லையும் சேர்த்துக்கொண்டேன். சிலர் தலையசைத்தனர். எனக்கும் மனநிறைவாகவே இருந்தது.

மூன்றாம் வரிசையில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். பெரம்பலூர்ப் பக்கத்தில் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு கிளைக்கிராமத்தவன். திருச்சியில் ஒரு கல்லூரியில் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவன். இவ்வட்டாரத்து ஏரிப் பாசனமே அவன் ஆய்வுப் பொருள். அவனை எண்ணி நான் பேசவில்லை என்று பின்னர்ப் பலரிடம் சொன்னேன். அது முழு உண்மை அன்று. அடுத்த ஞாயிறு அவன் திருப்பலிக்கு வரவில்லை. திருவருகைக்காலம் கடந்தது. கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியிலும் அவன் இல்லை.

பொங்கல் கழிந்த ஒரு மாலையில் அவன் தந்தை பங்கு இல்லத்துக்கு வந்தார். சின்ன வெங்காயம் பயிரிடுபவர். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவர். “சாமி, நீங்க பிரசங்கத்துல சொன்னது சரிதான். நானும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். பட்டறையில போட்ட வெங்காயம் மாதிரி உள்ளுக்குள்ளேயே அழுகிக்கிட்டு இருக்கான். ஆனா ஒண்ணு சாமி, ராத்திரி ரெண்டு மணிக்கும் அவன் ரூம்புல லைட்டு எரியுது. சோம்பேறிப் பயலா இருந்தா தூங்கத்தானே செய்வான்?”

குருமடத்தில் இறையியலும் நன்னெறியியலும் பயின்ற எனக்குத் தோன்றாத கேள்வி அது. இக்கட்டுரை அக்கேள்வியிலிருந்தே பிறந்தது. அவ்விளைஞனின் இசைவு பெற்றே எழுதுகிறேன். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்ட எதுவும் இதில் இல்லை. எல்லாம் திண்ணையில் பேசியவை.

மறுநாள் அவன் அறைக்குச் சென்றேன். கையெழுத்தில் நிரம்பிய பதினான்கு குறிப்பேடுகள் இருந்தன. முதல் இயலின் முதற்பக்கம் ஏழு வடிவங்களில் எழுதப்பட்டிருந்தது. இரண்டாம் பக்கம் ஒன்றேனும் இல்லை. சுவரில் அவன் அக்காள் கணவர் வண்ண மையில் எழுதி ஒட்டிய காலஅட்டவணை தொங்கியது: காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை, நாளொன்றுக்கு ஐந்து பக்கம், மூன்று மாதத்தில் ஆய்வேடு. ஒருமுறை சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு இரண்டு நாள் வேலையாகச் சென்றானாம். ஏரிப் பதிவுகளைத் தேடியவன் கையில் பஞ்சகாலத்துக் கடிதக் கட்டொன்று அகப்பட்டது. பதினொரு நாள் அதையே படித்தான். ஊர் திரும்பும் பேருந்தில்தான் ஏரிப் பதிவைப் பார்க்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

நண்பரொருவர் திருச்சியிலுள்ள ஒரு மனநல மருத்துவரிடம் அவனை அழைத்துச் சென்றார். மருத்துவர் அவன் பிள்ளைப் பருவத்தைக் குறித்தே அதிக நேரம் கேட்டார். தாயையும் அழைத்துக் கேட்டார். பின்னர் அவர் சொன்ன பெயர் ஏ.டி.எச்.டி. நம் இதழ்களில் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என எழுதுகிறார்கள். அப்போது அவனுக்கு வயது இருபத்தொன்பது.

இனி என் வழக்குக்கு வருகிறேன். இது சோம்பலுக்கு நாகரிக உலகம் சூட்டிய புதுப்பெயர் என்று நம் குருக்களில் சிலரே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது புதிதன்று. 1798-இலேயே அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், ஒன்றிலும் நிலைத்து நிற்க மாட்டாத கவனத்தை ஒரு நோய்நிலையாக விவரித்தார். 1902-இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இலண்டனில் ஆற்றிய உரைகளில் அறிவு குன்றாத பிள்ளைகளிடமே இத்தகைய நிலையைக் கண்டதாகச் சொன்னார். அவரும் அதற்கு ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே பெயரிட்டார் என்பதை மறைக்க மாட்டேன். மருத்துவம் அப்பெயரை விட்டுப் பல பத்தாண்டுகள் ஆயின. நாம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்! இது பிள்ளைகளுக்கு மட்டும் உரியது, வளர்ந்தால் போய்விடும் என்பதும் பழங்கதை. 2013-இல் திருத்தப்பட்ட அமெரிக்க உளமருத்துவர் கையேடு வயதுவந்தோருக்கெனத் தனி அளவையே வகுத்தது. உலக நலவாழ்வு அமைப்பின் 2022-இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலிலும் இது இப்பெயராலேயே இடம்பெற்றுள்ளது. குடும்ப வழியில் இறங்கும் தன்மை இதற்கு மிகுதி என்று இரட்டையர்களை ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர். இதை நான் சொன்னபோது அவன் தந்தை நெடுநேரம் பேசவில்லை. தாமும் ஒரு வயலில் தொடங்கிய களையெடுப்பை முடிக்காமல் அடுத்த வயலுக்கு ஓடும் மனிதர்தாம் என்று பிறகு மெல்லச் சொன்னார்.

முதுகலை வரை முதல் வகுப்பில் தேறியவனுக்கு எப்படிக் குறைபாடு இருக்க முடியும் என்பது அடுத்த எதிர்ப்பு. பள்ளியில் மணி அடித்தது. ஆசிரியர் எதிரே நின்றார். நாள்தோறும் வீட்டுப்பாடம் இருந்தது. கல்லூரியில் பருவத் தேர்வு தேதியோடு வந்தது. அவன் மனத்துக்கு வெளியே ஓர் ஒழுங்கு எப்போதும் காவல் நின்றது. தேர்வுக்கு முந்திய இரவு அச்சம் வந்து அவனை உந்தியது. முனைவர் பட்ட ஆய்வில் இந்த மணிகள் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. ‘போய் எழுதிக்கொண்டு வா’ என்று ஒரு மனிதனை ஆண்டுக்கணக்கான வெட்டவெளியில் விடுகிறார்கள். காலத்தைக் கணிக்கும் உள்ளுணர்வு பிறர்க்குப் போல் அமையாதவனுக்கு ‘இப்போது’ என்றும் ‘இப்போது இல்லை’ என்றும் இரண்டே காலங்கள்தாம். ஆறு ஆண்டு கழித்து வரும் கெடு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அது முதல் வகைக்குள் நுழையும்போது காலம் கடந்திருக்கும்.

‘பிடித்த வேலை என்றால் இரவெல்லாம் உட்காருகிறானே, ஆகவே மனம் வைத்தால் முடியும்’ என்பது எல்லா வீடுகளிலும் கேட்கும் வாதம். இதற்கு அவனே ஒருநாள் விடை சொன்னான். “சாமி, ஏரியில தண்ணி இருக்கு. மதகுதான் என் கைக்கு அடங்க மாட்டேங்குது.” கவனம் இல்லாமை அவன் துன்பமன்று. வேண்டிய வயலுக்கு அதைத் திருப்பிவிட முடியாமையே துன்பம். அவன் மேலும் சொன்னது என் நெஞ்சில் நின்றது. மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஊரார் கூடி ஓர் ஆளை நியமித்திருந்தார்களாம். அவருக்கு விளைச்சலில் பங்கும் கொடுத்தார்களாம். அவனவன் மனஉறுதியைக் கொண்டு தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளட்டும் என்று எந்த ஊரும் விட்டுவிடவில்லை.

இப்போது என் சொந்தக் களத்துக்கு வருகிறேன், அதாவது இறையியலுக்கு. தலையான பாவங்கள் ஏழினுள் சோம்பலும் ஒன்று என்று மறைக்கல்வியில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அச்சொல்லின் வரலாற்றைக் கற்பிப்பதில்லை. எகிப்தியப் பாலைநிலத் துறவியர் அதை அக்கேதியா என்றழைத்தனர். 399-இல் இறந்த எவாக்ரியுஸ் அதை நண்பகல் பேய் என்று வருணித்தார். அவர் காட்டும் துறவி கதிரவன் நகர்கிறதா என்று அடிக்கடி வெளியே எட்டிப் பார்க்கிறார், தம் அறையையும் வேலையையும் வெறுக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் நம் ஆய்வாளன் போலவே தோன்றும். ஆனால் புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் இப்பாவத்தின் உள்ளியல்பைத் தெளிவாக வரையறுக்கிறார்: இறைவனுக்குரிய நன்மையைக் குறித்தே மனம் துயருற்று அதை வேண்டாமென விலகுதல் அது. நம் இளைஞன் எந்த நன்மையை வேண்டாம் என்கிறான்? இரவு இரண்டு மணிக்கு விளக்கெரிய உட்கார்ந்து ஏழாம் முறையாக முதற்பக்கத்தை எழுதுகிறவன் தன் வேலையை வெறுக்கிறானா? விரும்பும் நன்மையைச் செய்ய இயலாமல் தவிக்கும் மனிதனைப் பற்றித் தூய பவுல் உரோமையருக்கு எழுதினார். பவுல் பேசுவது பாவத்தின் பிடியை, மூளையின் அமைப்பை அன்று என்பதை அறிவேன். எனினும் அத்தவிப்பைச் சோம்பல் என்று அவர் அழைக்கவில்லை.

1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1735-ஆம் எண்ணில் சொல்வதையேனும் நாம் படித்திருக்க வேண்டும். ஒருவர் தம் செயலுக்கு ஏற்கும் பொறுப்பு அறியாமையாலும் கவனமின்மையாலும் அச்சத்தாலும் பழக்கத்தாலும் பிற உளவியல், சமூகக் காரணங்களாலும் குறையவும் கூடும், முற்றிலும் நீங்கவும் கூடும் என்பது அதன் கருத்து. கவனமின்மை என்ற சொல்லே அங்கிருக்கிறது. நாம் பீடத்திலிருந்து தீர்ப்பிடும்போது மட்டும் அவ்வெண் நம் நினைவுக்கு வருவதில்லை.

அப்படியானால் சோம்பல் என்பதே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. மதிய உணவுக்குப் பின் நோயாளியைச் சந்திக்கப் போகாமல் நாளை பார்க்கலாம் என்று படுத்துக்கொள்ளும் என்னிடம் உண்டு. எனக்கு அது சுகமாக இருக்கிறது. அவனுக்கு எழுதாத நாள் ஒன்றேனும் சுகமாகக் கழிந்ததில்லை.

ஒழுங்கைக் கைவிடச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒழுங்கு எங்கிருந்து வர வேண்டும் என்பதே என் வழக்கு. நம் மரபு இதில் நம்மைவிட அறிவுடையது. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் எழுதிய ஒழுங்கு நூலை எடுத்துப் பாருங்கள். செப வேளையை அறிவிக்கும் பொறுப்பை மடாதிபதி ஏற்க வேண்டும், இல்லையேல் கருத்தான ஒரு சகோதரரிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது 47-ஆம் அதிகாரம். தூக்கக் கலக்கத்தில் சாக்குச் சொல்வோரை எழும்போதே ஒருவரையொருவர் மெல்ல ஊக்கப்படுத்தச் சொல்கிறது 22-ஆம் அதிகாரம். 43-ஆம் அதிகாரத்திலுள்ள ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது: இரவுச் செபத்துக்குத் தாமதமாக வருவோர் வந்து சேர இடம் வேண்டும் என்பதற்காகவே தொடக்கத் திருப்பாடலை இழுத்து, மெதுவாகச் சொல்ல வேண்டுமாம். 48-ஆம் அதிகாரம் வாசிப்பு நேரத்தில் மூத்தவர் ஒருவரோ இருவரோ மடத்தைச் சுற்றி வந்து, படிக்காமல் வீணே இருப்பவர் யாரெனப் பார்க்கச் சொல்கிறது. கண்டிப்பும் தண்டனையும் அந்நூலில் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மணியடித்தல், எழுப்புதல், காத்திருத்தல், சுற்றி வருதல் எல்லாம் நடந்த பிறகே தண்டனை. நாம் முந்திய நான்கையும் விட்டுவிட்டுக் கடைசியில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

என் மறையுரையில் நான் எடுத்துக்காட்டிய வீரமாமுனிவரும் என் வாதத்துக்குச் சான்று சொல்ல மாட்டார். அவர் இயேசு சபைத் துறவி. அச்சபையில் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளால் உருவாக்கப்படாதவர் யாரும் இல்லை. அந்நூலில் தனித் தேர்வு என்றொரு பயிற்சி இருக்கிறது. காலையில் ஒன்றை மட்டும் தீர்மானிப்பது, நண்பகலுக்குப் பின் ஒருமுறையும் இரவு உணவுக்குப் பின் ஒருமுறையும் கணக்குப் பார்ப்பது, ஒவ்வொரு நாளுக்கும் கோடுகள் வரைந்து அவற்றின்மேல் புள்ளி வைப்பது. பின் நாளை நாளோடும் வாரத்தை வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். அடுத்தவரோடு ஒப்பிடுவது அதில் இல்லை. மனிதனின் நினைவையும் உறுதியையும் நம்பாமல் தாளையும் புள்ளியையும் நம்பிய முறை அது. சுப்பிரதீபக் கவிராயர் என்ற புலவரிடம் அவர் தமிழ் பயின்றார் என்பதும், ஏடெழுதுவோர் சூழ இருக்க அவர் பாடல்களைச் சொல்லச்சொல்ல அவர்கள் எழுதினார்கள் என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் செய்திகள். தோமா அக்குவினாசுக்கும் ரெஜினால்டு என்ற துணைவர் இருந்தார். எழுத்தர் பலர் இருந்தனர். அரசர் லூயியின் விருந்தில் தம்மை மறந்து மேசையைத் தட்டி எழுந்தபோது, அரசர் சினங்கொள்ளாமல் அவர் சிந்தனையைக் குறித்துக்கொள்ள எழுத்தரை அழைத்தார் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். இவர்களுக்கு ஏ.டி.எச்.டி. இருந்தது என்று நான் மருத்துவர் வேடம் போடவில்லை. அறிவில் மலையான இவர்களும் தனியே ஓர் அறையில் விடப்படவில்லை என்பதையே சொல்கிறேன். பெரம்பலூர் மண்ணில் வெங்காயம் நட்டுப் படிக்கவைத்த வீட்டின் முதல் பட்டதாரியிடம் மட்டும் ஏன் தனிமையையும் மனஉறுதியையும் கேட்கிறோம்?

பேராசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் அறிவித்த விதிகளின்படி முனைவர் பட்ட ஆய்வுக்கு மூன்று ஆண்டு குறைந்த அளவு, ஆறு ஆண்டு மேல்எல்லை. மறுபதிவு செய்தால் நிறுவனம் இன்னும் இரண்டு ஆண்டு வரை தரலாம். பெண்களுக்கும் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையோருக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு தளர்வு உண்டு. நல்ல விதி. ஆனால் 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அடுக்கும் இருபத்தொரு வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது, ஆட்டிசம் இருக்கிறது, ஏ.டி.எச்.டி. என்ற பெயர் இல்லை. பெயர் இல்லாத ஒன்றுக்கு விழுக்காடு போட்டுச் சான்றிதழ் வாங்க அவன் எந்த வாசலில் நிற்பான்?

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதே விதிகளின்படி ஆய்வாளர் பருவத்துக்கு ஒருமுறை ஆலோசனைக் குழுவின் முன் தம் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். ஆறு மாதம்! ‘இப்போது’ என்ற ஒரே காலத்தில் வாழ்பவனுக்கு ஆறு மாதம் என்பது ஊழிக்காலம். வாரத்துக்கு ஒருநாள் பதினைந்து நிமிடம் கொடுங்கள். இயலை முழுதாகக் கேட்காமல் ஒரு பத்தியைக் கேளுங்கள். அழகான பத்தி வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அவன் அதை எட்டாம் முறை எழுதிக்கொண்டிருப்பான். இதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

மருந்தைப் பற்றி எழுதுவது என் வேலை அன்று. மருத்துவர் அவனுக்கு மருந்து தந்தார். ஓரளவு உதவுகிறது என்கிறான். மருந்து உட்கார வைக்கிறது, எதை எழுதுவது என்று சொல்லித் தருவதில்லை என்றும் சொல்கிறான். செபித்தால் போதுமே, மாத்திரை எதற்கு என்று அவன் தாயிடம் அறிவுரை சொன்ன குரு ஒருவர், தம் சர்க்கரை மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடாதவர். அவரும் நானும் ஒரே மேசையில் உண்டிருக்கிறோம்.

எங்கள் பங்கு இல்லத்தில் பழைய வாசகசாலை ஒன்று நாற்காலிகளை அடுக்கிவைக்கப் பயன்பட்டுவந்தது. அதைத் துப்புரவாக்கி ஒரு நீண்ட மேசை போட்டோம். காலைத் திருப்பலி முடிந்ததும் அவன் அங்கே வருவான். எதிரே நான் உட்கார்ந்து பங்குக் கணக்கையோ மறையுரையையோ எழுதுவேன். பேச்சில்லை. கைபேசிகள் இரண்டும் திருப்பலி உடைகள் வைக்கும் அலமாரியில் இருக்கும். நண்பகல் மூவேளைச் செப மணி அடித்ததும் எழுந்துவிட வேண்டும், எழுத்து ஓடிக்கொண்டிருந்தாலும். பக்கத்தை எண்ணுவதில்லை. அமர்ந்து ஒரு வரியாவது எழுதினால் குறிப்பேட்டில் அவன் கையால் ஒரு புள்ளி. இஞ்ஞாசியார் குற்றங்களை எண்ணப் புள்ளி வைத்தார். நாங்கள் அதைத் திருப்பிக்கொண்டோம், அவர் பொறுத்துக்கொள்வார். அரியலூர் அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி விடுமுறை நாள்களில் வந்து சேர்ந்துகொள்கிறாள். அவளுக்கு எந்தக் குறைபாடும் இல்லை, வீட்டில் உட்கார இடமில்லை, அவ்வளவே.

முதல் இயல் நெறியாளர் கைக்குப் போய்விட்டது. இரண்டாம் இயலில் பதினேழு பக்கம். புள்ளிகள் தொடர்ந்து வருவதில்லை. மூன்று நாள் வருவான், இரண்டு நாள் காணோம். தொடக்கத்தில் நான்கு நாள் வராதபோது, உதவி செய்தும் திருந்தவில்லையே என்று எனக்குள் பழைய மறையுரை எழுந்தது. ஐந்தாம் நாள் இருசக்கர வண்டியை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்று மணியடித்தேன். இப்போது இரண்டாம் நாளே போய்விடுகிறேன். ஆறாம் ஆண்டு நெருங்குகிறது. முடிப்பானா என்று அவன் தந்தை கேட்கிறார். தெரியாது என்றே சொல்கிறேன். ஞாயிறு திருப்பலிக்கு வருகிறான், ஆனால் மூன்றாம் வரிசையில் அல்ல, கதவோரம்.

திருவழிபாட்டு ஆண்டின் சுழற்சியில் தாலந்து உவமை 2026 நவம்பரில் திரும்ப வரும். அதற்கான மறையுரையை அந்த மேசையில் அவன் எதிரிலேயே தொடங்கியிருக்கிறேன். மூன்று முறை கிழித்தாகிவிட்டது. நேற்று அவன் எட்டிப் பார்த்துவிட்டு, தன் குறிப்பேட்டை என் பக்கம் தள்ளி, “ஒரு வரி எழுதிட்டீங்கள்ல சாமி, புள்ளி வைங்க” என்றான்.